சீப்புக்குச் சிக்கிய பேச்சு

மழை ஒரு ஊரை மறந்துபோனால் அந்த ஊர் மண்ணில் விழுந்ததெல்லாம் விழுந்த இடத்திலேயே கிடக்கும், இலை மக்காது, எலும்பு மக்காது, வாயிலிருந்து விழுந்த பேச்சுகூட மக்காது என்பதைக் கல்லாங்காட்டுப்புதூர்க்காரர்கள், தமயந்தியின் டிராக்டருக்குப் பின்னால் மாட்டியிருந்த இரும்புச் சீப்பு காட்டை முதல் தடவை வாரி முடித்த காலையில் தெரிந்துகொண்டார்கள். தெரிந்துகொண்டு, வாயைப் பிளந்து நிற்காமல், கூடை எடுத்து வர வீட்டுக்குப் போனார்கள்.

அந்தச் சீப்பு எதற்காக வந்தது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் ஏதோ சாமி வரம் கொடுத்தது என்று ஊர் சொல்வதே நிலைத்துவிடும். சாமி எதுவும் கொடுக்கவில்லை. யாரும் எதுவும் கொடுக்கவில்லை என்பதுதான் பிரச்சினையே.

தமயந்தியின் அப்பா வெள்ளியங்கிரி போன ஆடியில் செத்துப்போனார். காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில், மண்ணைவிடக் கல் அதிகமாக விளையும் ஒரு மானாவாரிக் காட்டையும், அதை உழ ஒரு பழைய டிராக்டரையும், சென்னியப்பன் என்ற மகனையும், தமயந்தி என்ற மகளையும் விட்டுவிட்டுப் போனார். மகளைக் கோயமுத்தூருக்கு அனுப்பிப் பொருளாதாரத்தில் முதுகலை படிக்கவைத்தவரும் அவர்தான். படித்தவள் திரும்பி வந்து காட்டில் பாதி கேட்பாள் என்று தெரிந்திருந்தால் அந்த மனுசன் தையல் படிக்க அனுப்பியிருப்பார் என்று ஊர் பேசிக்கொண்டது.

அவள் கேட்டது கருமாதிப் பந்தலில், ஊரே உட்கார்ந்திருக்கும்போது.

“பாதியா? எதுல பாதி?” என்றான் சென்னியப்பன்.

“காட்டுலதானுங்ண்ணா. பின்ன டிராக்டரையா ரெண்டா அறுப்பீங்க?”

சென்னியப்பனின் மனைவி சுலோச்சனா பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியோடு வந்து நின்றாள். “நகை போடறோம், சீர் செய்யறோம், அப்பறம் எதுக்கு அம்மிணி உனக்குக் காடு?”

“யாருக்குங்ண்ணி போட்டீங்க? எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல. அதுக்குள்ள சீர் செஞ்சு முடிச்சே போட்டீங்களா?”

சட்டப்படி மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்று அவள் சொன்னாள். மணியகாரர் நாச்சிமுத்து, ஊரில் எந்த வழக்குக்கும் கடைசி வார்த்தை சொல்லிப் பழகியவர், அன்போடு சிரித்தார். “அதெல்லாம் டவுனுக்குப் போட்ட சட்டம் கண்ணு.”

“ஏனுங் மணியாரரே, அந்தச் சட்டம் தாராபுரத்துல பஸ் ஏறி, மெயின் ரோட்டுல எறங்கி, நம்மூரு வண்டித்தடத்தப் பாத்துட்டு, காலுல கல்லு குத்தும்னு திரும்பிப் போயிருச்சுங்களா?”

பந்தலில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் சென்னியப்பனைச் சுட்டிருக்க வேண்டும். எழுந்து நின்றான். “ஊரே கேட்டுக்குங்க. நான் நாயந்தெரியாதவன் இல்ல. எந்தப் பங்கும் அப்பன் வாயால சொன்னாத்தான் பங்கு. பாதி இந்தப் புள்ளைக்குன்னு எங்கப்பன் எங்கியாச்சும் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் மறுப்பனா?”

“அதுதான் நாயம்,” என்றார் மணியகாரர். “அப்பன் சொல்லாம பங்கு இல்ல.” ஊரும் தலையாட்டியது. செத்தவர் வாயை இனி யாரும் திறக்க முடியாது என்பதால் அது எல்லாருக்கும் மிகவும் பிடித்த நியாயமாக இருந்தது.

ஆறுதலுக்கு ஒன்று செய்தார்கள். காட்டில் அவள் வேண்டுமானால் கல் பொறுக்கிக்கொள்ளட்டும் என்றார்கள். டிராக்டரை ஓட்ட அவளுக்குத் தெரியும், தண்ணீர் வண்டி இழுக்க வெள்ளியங்கிரியே கற்றுக்கொடுத்திருந்தார். ஆனால் கலப்பையை மட்டும் தொடக்கூடாது. கல்லாங்காட்டுப்புதூரில் பெண்பிள்ளை கலப்பையைத் தொட்டால் மழை ஊரைவிட்டுப் போய்விடும். மழைதான் ஏற்கெனவே பக்கத்துத் தாலுகாவில் குடியேறிவிட்டதே, இனி எங்கே போகும் என்று கேட்டால் பதில் வராது. இதை மடமை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், வழக்கம் என்று சொன்னால் காபி கொடுப்பார்கள்.

தமயந்தி காபி குடிக்காமல் தாராபுரம் போனாள்.

டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் சாமான்கள் விற்கிற கடை. உள்ளே ஐந்து கொத்துக் கலப்பை, ஒன்பது கொத்துக் கலப்பை, சட்டிக் கலப்பை, ரோட்டவேட்டர், குழி தோண்டுகிற துரப்பணம் என்று, பெயின்ட் வாசம் போகாத இரும்பு மிருகங்கள் வரிசையாகப் படுத்திருந்தன. கடைக்காரர் அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

“வூட்டுக்காரர் வர்லீங்களா அம்மிணி?”

“வூட்டுக்காரர் இல்லீங். டிராக்டர்தான் இருக்குது. வெளிய நிக்குது, வேணும்னா அதுகிட்டப் பேசிக்குங்க.”

கடைக்காரர் அதன்பிறகு அவளிடமே பேசினார். மூலையில், ஆள் அகலத்தைவிட நீளமான ஒரு சட்டத்தில், மடக்கிய விரல்களைப்போல வளைந்த ஸ்பிரிங் கம்பிகள் வரிசையாகத் தொங்க, தூசி மூடி ஒன்று நின்றது. அது என்ன என்று கேட்டாள்.

“அது ரேக்குங். மலைமேல ஒருத்தர் ரிசார்ட் கட்டறேன், புல்லுத்தரைக்கு வேணும்னு சொல்லி வரவெச்சாரு. ரிசார்ட்டும் வர்ல, ஆளும் வர்ல. மண்ணுக்குள்ள எறங்காதுங். மேலாப்புல கெடக்கற கல்லு, வேரு, குப்பையெல்லாம் வாரி ஒரு ஓரமாச் சேத்தும். நம்ம பக்கம் இத யாருங் வாங்கறா?”

“மண்ணுக்குள்ள எறங்காது?”

“எறங்காதுங்.”

“எழுதிக் குடுப்பீங்களா?”

“பில்லுலயே எழுதித் தாறனுங்.”

ஒவ்வொரு கம்பியையும் பிடித்து இழுத்து விட்டுப் பார்த்தாள், அது துள்ளித் திரும்பியது. கல்லை இடப்பக்கம் தள்ள வேண்டுமா வலப்பக்கம் தள்ள வேண்டுமா என்பதற்குச் சட்டத்தையே சாய்த்துக்கொள்ளலாம், உயரத்தைக் கூட்டிக் குறைக்கப் பின்பக்கம் இரண்டு சின்னச் சக்கரம், உடைந்த கம்பியை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். தமயந்தி வாங்கிவிட்டாள்.

ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட்டார்கள். கோயில் முன்னால் டிராக்டர் நிற்க, ஆண்கள் அந்த இரும்பைச் சுற்றிச் சுற்றி வந்து, மாடு வாங்கப் போனவர்கள்போலக் குனிந்து பல்லைப் பார்த்தார்கள்.

“பல்லு இருக்குதே. அப்பக் கலப்பைதான்,” என்றான் சென்னியப்பன்.

“சீப்புக்குந்தானுங்ண்ணா பல்லு இருக்குது. உங்களக்கூடத்தான் எடுத்துக்குவோம், பல்லு இருக்குது, அதுக்காகக் கலப்பைன்னு சொல்ல முடியுமா? கலப்பை மண்ணுக்குள்ள போகுது. இது போகாது. கடைக்காரரு எழுதியே குடுத்திருக்காரு.”

மணியகாரர் பில்லை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். மண்ணுக்குள் போகாத ஒன்றைக் கலப்பை என்று சொன்னால் நாளைக்கு விளக்குமாற்றையும் பெண்கள் தொடக்கூடாது என்றாகும், அப்புறம் வாசலை யார் கூட்டுவது என்ற யோசனை அவர் முகத்தில் ஓடியது. “சீப்புதான்,” என்று தீர்ப்புச் சொன்னார். பெண்பிள்ளை கையில் சீப்பு இருப்பதில் மழைக்கு ஆட்சேபம் இருக்க முடியாது.

மறுநாள் விடிந்ததும் தமயந்தி காட்டுக்குப் போய், லீவரைத் தள்ளிச் சீப்பை இறக்கி, கிழக்கு வேலியிலிருந்து மேற்கு வேலிவரை வாரினாள். கம்பிகள் கலகலவென்று கல்லைச் சேர்த்துக்கொண்டு போயின. வரிசை முடிந்த இடத்தில் இறங்கிப் பார்த்தாள். கல்லோடு கல்லாக, வெல்லக்கட்டி நிறத்தில், வெயில் படாதபோதே வெதுவெதுவென்று சில கட்டிகள் கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்தாள்.

“ஹலோ? ஹலோ? இப்பக் கேக்குதா?” என்றது கட்டி, மணியகாரரின் குரலில்.

கீழே வைத்தாள், நின்றது. எடுத்தாள், “ஹலோ? ஹலோ?” இன்னொன்றை எடுத்தாள், “ஹலோ, கேக்குதுங்களா? நான் காட்டுல நிக்கறன்.” அது பால்காரர். ஊரில் வெள்ளியங்கிரி காட்டைத் தவிர வேறெங்கும் போனில் டவர் கிடைக்காது என்பதால் ஊரே பல வருசமாக அங்கே வந்து நின்றுதான் கத்திக்கொண்டிருந்தது, கத்தியதெல்லாம் மழை கரைக்காமல் மண்மேலேயே காய்ந்து கட்டி தட்டிக் கிடந்தது. கலப்பை போட்டவர்கள் அவற்றைப் புரட்டி உள்ளே புதைத்துவிட்டுப் போனார்கள், புதைந்தது காற்றுக்கு மெல்ல மேலே வரும், அவர்கள் மறுபடி புதைப்பார்கள். வாரி எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஊர் கூடையோடு வந்தது.

மயில் தொல்லை தாங்காமல் நிலக்கடலையைக் கைவிட்டிருந்தவர்கள் வெள்ளியங்கிரியின் “எவன்டா அவன் காட்டுக்குள்ள!” கட்டியைத் தேடி எடுத்துக் கயிற்றில் கட்டிக் கம்பத்தில் தொங்கவிட, காற்றடிக்கும்போதெல்லாம் அது அதட்ட, மயில்கள் பக்கத்து ஊருக்குப் போயின. பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து வாடகைக்குக் கட்டி கேட்டார்கள். சுலோச்சனா, “அய்யோ, சாப்பிட்டுட்டுத்தான் போகோணும்” என்கிற கட்டி ஒன்றை வாசல் மாடத்தில் வைத்து, உறவுக்காரர் வரும்போது எடுத்து எடுத்து வைத்தாள், வாய் வலி மிச்சம், அரிசியும் மிச்சம், ஏனென்றால் கட்டி கூப்பிட்டு யார் சாப்பிட உட்காருவார்கள். எப்போதோ ஓட்டுக் கேட்டு வந்தவர் ஒருவர் விட்டுவிட்டுப் போன “அடுத்த மாசம் பஸ் வந்துரும்” என்ற பெரிய கட்டியைப் பஸ் ஸ்டாப்பில் கொண்டுபோய் வைத்தார்கள். பஸ் வருவதில்லைதான், ஆனாலும் போகிற வருகிறவர்கள் ஒருதரம் தூக்கிக் கேட்டுவிட்டு, மனசு நிறைந்து, நடந்தே போனார்கள்.

எல்லாரும் தங்கள் காட்டுக்கும் சீப்பு வேண்டும் என்று தமயந்தியிடம் வரிசையில் நின்றார்கள். முதலில் பால்காரர் காட்டில் ஓட்டினாள். அங்கே பால்காரர் தன் மாமியாரைப் பற்றிச் சொல்லியிருந்தது ஒரு வண்டி கிடைத்தது, அவர் மனைவி அதை ஒரு கட்டி விடாமல் பொறுக்கி அம்மா வீட்டுக்குக் கொண்டுபோனாள். அதோடு வரிசை கலைந்தது.

“நம்ம காடு சுத்தமாத்தான் இருக்குது அம்மிணி, சீப்பு வேண்டாம்” என்று ஒவ்வொருவராக வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். காட்டில் நின்று பேசுவதையே ஊர் விட்டுவிட்டது. களை எடுப்பவர்கள் கையால் ஜாடை காட்டிக்கொண்டார்கள், அவசரமாகத் திட்ட வேண்டியிருந்தால் தார் ரோட்டுக்கு ஓடிப்போய்த் திட்டிவிட்டுத் திரும்பினார்கள், ஏனென்றால் தாரில் பேச்சு ஒட்டாது.

சென்னியப்பனுக்கு வேறு பயம். ஊருக்கு முன்னால் அவன் சொன்னது அவனுக்கு ஞாபகம் இருந்தது. அப்பன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால். தமயந்தி ஒவ்வொரு நாளும் ஒரு பட்டை வாரி, ஒவ்வொரு கட்டியாக எடுத்துக் காதில் வைத்து, அப்பாவின் குரலை மட்டும் தனியாகப் பிரித்துக்கொண்டே வந்தாள். “இந்த வருசம் மழை வந்துரும்.” “டீசல் பத்தாது.” “இந்த வருசம் மழை வந்துரும்.” “சனியனே, அந்தப் பக்கம் போ,” அது ஆட்டுக்கு. பாதியைப் பற்றி எதுவும் இல்லை. ஆனால் காட்டில் இன்னும் நிறைய மிச்சமிருந்தது.

உடைந்த கம்பிக்கு மாற்றுக் கம்பி வாங்க அவள் தாராபுரம் போன மத்தியானத்தில், சென்னியப்பன் வாடகைக்கு ஒரு ரோட்டவேட்டரைக் கொண்டுவந்து மிச்சக் காடு முழுக்க ஓட்டினான். ரோட்டவேட்டரின் கத்திகள் எதையும் புதைப்பதில்லை, பொடிப்பொடியாக அரைக்கின்றன. அவள் திரும்பி வந்தபோது காடே வாய்க்குள் வெற்றிலையைக் குதப்பியதுபோல, “லோ… பத்… கேக்… சனி… மழ…” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

“ஏனுங்ண்ணா, இது என்ன நாயமுங்?”

“புழுதி ஓட்டுனேன். என்ற காடு, நான் ஓட்டறேன்.”

“உங்க காடுன்னு யாருங் சொன்னாங்க?”

அந்தக் கேள்வி அவன் காலடியிலேயே விழுந்து காய ஆரம்பித்தது. தமயந்தி அதைக் குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் கோபம் அப்படியே திசை திரும்பியதை அவன் கவனிக்கவில்லை.

ரோட்டவேட்டர் போக முடியாத இடம் ஒன்று இருந்தது. மேற்கு மூலையில், வேர் பரப்பி நின்ற வெள்ளவேல மரத்தடி. வெள்ளியங்கிரி தூக்குப்போசியை இறக்கிவைத்துக் கம்மஞ்சோற்றைக் கரைத்துக் குடிப்பதும், கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து ஊர் நியாயம் பேசுவதும் அங்கேதான். எதையாவது சொல்லியிருந்தால் அங்கேதான் சொல்லியிருப்பார். தமயந்தி மணியகாரரிடம் போய், ஊரைக் கூட்டச் சொன்னாள்.

ஊர் வந்து மரத்தைச் சுற்றி நின்றது. யாரும் வாயைத் திறக்கவில்லை, மண்ணுக்குப் பயம். தமயந்தி சீப்பின் பின்சக்கரத்தை உயர்த்தி, வேரைக் கீறாமல், மெதுவாக, தலை வாரிவிடுகிற மாதிரி வாரினாள். கட்டிகள் உருண்டு வந்தன. ஒவ்வொன்றாக எடுத்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உயர்த்திப் பிடித்தாள்.

“தமயந்தி, மோருல உப்புப் பத்தல கண்ணு.”

சுலோச்சனா சட்டென்று மூக்கை உறிஞ்சினாள். சென்னியப்பன் தரையைப் பார்த்தான்.

“வெயிலு சுடுது.” “இந்த வருசம் மழை வந்துரும்.” “சென்னியப்பன் ஒரு சோம்பேறி.” யாரோ சிரிப்பை விழுங்கினார்கள். கடைசியில், வேருக்கும் வேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, தேங்காய் அளவில், கருங்கல் மாதிரி இறுகிப்போன கட்டி ஒன்று வந்தது. இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. தூக்கினாள்.

“பொம்பளப்புள்ளைக்கு எதுக்குடா காடு?” என்றார் வெள்ளியங்கிரி.

குரலில் கோபமில்லை, பாசமும் இல்லை. மோரில் உப்பு பத்தவில்லை என்று சொன்ன அதே குரல்தான். தமயந்தி கட்டியைக் கீழே போடவில்லை.

“கேட்டாச்சு,” என்று பெருமூச்சு விட்டார் மணியகாரர். ஊர் துண்டை உதறித் தோளில் போட்டது. சென்னியப்பன்கூட, ஜெயித்தவன் மாதிரி இல்லாமல், “சரி விடு புள்ள, வா வூட்டுக்குப் போலாம்” என்றான்.

“இருங்க,” என்றாள் தமயந்தி. “அப்பன் சொல்லாம பங்கு இல்ல. அதுதானுங் நம்மூரு நாயம்?”

“அதுதான்,” என்றார் மணியகாரர்.

“எனக்குக் குடுன்னு சொல்லல. நானே ஒத்துக்கறன். இப்ப அண்ணனுக்குக் குடுன்னு அப்பா சொன்ன கட்டி எங்க?”

மரத்தில் இருந்த காக்கா இடம் மாறி உட்கார்ந்தது.

“காட்டுல வாருனதெல்லாம் ஊரே தூக்கிக் கேட்டிருக்குது. ஹலோ இருக்குது, ஆடு இருக்குது, டீசல் இருக்குது. காடு சென்னியப்பனுக்குன்னு ஒரு கட்டி யாராச்சும் பாத்தீங்களா? மீதியில இருந்திருந்தா, அத அரைச்சதும் அவருதான். இந்த மரத்தடியில அவரப் பத்தி இருந்தது ஒண்ணே ஒண்ணு. அத வேணும்னா இன்னொருக்காத் தூக்கறேன்.”

“தூக்க வேண்டாம்,” என்றான் சென்னியப்பன் அவசரமாக. “எனக்கெதுக்குச் சொல்லோணும்? நான் பையன்!”

“அப்ப அப்பன் வாய் கணக்கில்ல, பையங்கறதுதான் கணக்கு. அதக் கருமாதி அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லுங்ண்ணா? அன்னைக்கு எதுக்கு அப்பாவச் சாட்சிக்குக் கூப்பிட்டீங்க?” அவள் மணியகாரரைப் பார்த்தாள். “நாயம் உங்களுது. நீங்களே சொல்லுங்க. இந்தக் காடு இப்ப யாருதுங்?”

மணியகாரர் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் மாறியது. அவருடைய அப்பாவும் காட்டில் நின்று மாட்டைத் திட்டினாரே தவிர, காடு நாச்சிமுத்துக்கு என்று ஒருநாளும் சொன்னதில்லை. வெள்ளகோயிலில் கட்டிக்கொடுத்த ஒரு தங்கை வேறு இருந்தாள். இந்தச் சேதி அவள் காதுக்குப் போய், அவள் சீப்புக் கேட்டு வந்து நின்றால். சுற்றி நின்ற ஒவ்வொரு ஆணும் அதே நேரத்தில் அவரவர் அப்பாவின் வாயை ஞாபகப்படுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவன் நினைவிலும் ஒரு வார்த்தை அகப்படவில்லை. அப்பன் சொல்லாம பங்கு இல்லை என்றால் அந்த நிமிசம் கல்லாங்காட்டுப்புதூரில் ஒரு பிடி மண்கூட யாருக்கும் சொந்தமில்லை.

“அப்பன் வாயெல்லாம் எதுக்கு?” என்றார் மணியகாரர், தொண்டையைச் செருமிக்கொண்டு. “சட்டம்னு ஒண்ணு இருக்குதல்ல? சட்டத்துல என்ன கண்ணு சொல்லியிருக்குது?”

“பாதிங்.”

“பாதின்னா பாதிதான். சென்னியப்பா, நாளைக்கே அளக்கச் சொல்லு. சீப்பக் கழட்டி உள்ள வெச்சுரு அம்மிணி.”

அப்படியாக, எத்தனையோ காலமாக மெயின் ரோட்டிலேயே நின்றுகொண்டிருந்த சட்டம், ஒரு மத்தியானத்தில், கல் குத்துகிறதென்று ஒரு வார்த்தை சொல்லாமல், வண்டித்தடம் ஏறி ஊருக்குள் வந்து சேர்ந்தது.

தமயந்தி சீப்பைக் கழற்றினாள். கழற்றிய இடத்தில் ஐந்து கொத்துக் கலப்பையை மாட்டித் தன் பாதியை உழுதாள். யாரும் தடுக்கவில்லை, தடுக்க வாயைத் திறந்தால் அது மண்ணில் விழுமே. உழுது முடித்த வாரத்தில் மழை பெய்தது. நல்ல மழை. பெண்பிள்ளை கலப்பை தொட்டால் மழை போய்விடும் என்று சொன்ன ஊர், அதற்கு முன்னால் சீப்பைத் தொட்டுவிட்டாள் அல்லவா, அதனால்தான் தோஷம் கழிந்தது என்று சொல்லிக்கொண்டது. ஊரோடு வாதாடி ஜெயிக்கலாம், ஜெயித்ததை ஒத்துக்கொள்ளவைக்க முடியாது.

அந்த மழையில் கட்டிகளெல்லாம் கரைந்தன. மாடத்திலிருந்த உபசாரம் கரைந்தது, பஸ் ஸ்டாப்பிலிருந்த வாக்குறுதி கரைந்தது, பள்ளத்தில் ஓடிய செந்தண்ணீர் “ஹலோ ஹலோ, கேக்குதா, கேக்குதா” என்று சலசலத்துக்கொண்டே அமராவதி ஆற்றைப் பார்த்துப் போனது. மயில்கள் திரும்பி வந்தன.

வெள்ளியங்கிரியின் அந்தக் கடைசிக் கட்டி மட்டும் கரையவில்லை. அவ்வளவு இறுகிப்போய்ச் சொல்லியிருந்தார். தமயந்தி அதைத் தூக்கிக்கொண்டுபோய், இரண்டு பாதிக்கும் நடுவில், சர்வேக்காரர் காட்டிய இடத்தில் எல்லைக்கல்லாக வைத்தாள். அதைவிட உறுதியான கல் அந்தக் காட்டில் கிடைக்கவில்லை. சென்னியப்பனின் ஆடுகள் அதில் உரசி நகர்த்தும்போதெல்லாம் அது கேட்கும்.

“பொம்பளப்புள்ளைக்கு எதுக்குடா காடு?”

டிராக்டர்மேல் இருக்கிற தமயந்தி சத்தத்துக்குமேல் கழுத்தைத் திருப்பிப் பதில் சொல்வாள், ஒவ்வொரு தடவையும், சலிக்காமல்.

“எள்ளுக்குங்ப்பா.”

அடுத்த வருசம் அதே கேள்விக்கு, கொள்ளுக்குங்ப்பா என்றாள்.